சதை போட்ட இரும்பு

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. எங்கே போனாலும் எதையாவது தட்டிப் பார்த்தாக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கம்பியைத் தட்டுவார், கடைக்குப் போனால் ஷட்டரைத் தட்டுவார். கல்யாணம் பேச முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று வாசல் கேட்டைத் தட்டிவிட்டு, என் அப்பாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையே, கேட்டின் கீழ்ப்பக்கத்தைத் துரு அரித்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்பதுதான். இந்த ஆள் பெண் கேட்க வந்தாரா, கேட் விற்க வந்தாரா என்று அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டார். அந்த மழையிலேயே கேட் சாய்ந்து விழுந்தது. அப்பாவுக்கு மாப்பிள்ளை மேல் அப்படியொரு மரியாதை வந்துவிட்டது. எனக்குத்தான் எரிச்சல். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என் புடவையைப் பார்க்காமல் கேட் கதையையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

அவர் வேலை, பைப்பின் தடிமனை அளப்பது. கையில் அடங்குகிற ஒரு மீட்டர், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குமிழ். பைப்பின் மேல் கொஞ்சம் களிம்பு தடவி, குமிழை வைத்து அழுத்தினால், இரும்புக்குள் ஒரு சத்தம் போய் மறுபக்கத்தில் மோதித் திரும்பும். திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து இரும்பு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மீட்டர் காட்டும். பைப்பை அறுக்க வேண்டியதில்லை, ஓட்டை போட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான். அதனால் வேலை இடத்தில் அவருக்கு ஸ்கேன்காரர் என்றே பெயர். மகள் என் வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் எடுக்கக் கூடவே வந்தவர், குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குமிழை எத்தனை நாளைக்கு ஒரு தடவை சரிபார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு என் மானத்தை வாங்கினார். டாக்டரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவர் வேலை பார்க்கிற இடத்தில் நிலக்கரியைத் தோண்டி எடுப்பதில்லை. அது கிடக்கிற ஆழத்திலேயே அதைக் கொளுத்திவிடுகிறார்கள். ஒரு கிணறு வழியாகக் காற்றையும் நீராவியையும் கீழே அனுப்பினால், பூமிக்கடியில் கரி எரிந்து வாயுவாகி இன்னொரு கிணறு வழியாக மேலே வருகிறது. அதைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயு தனியாக வருவதில்லை. சாம்பல், கரித்தூள், மணல், தார் என்று வழியில் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்கச் சீறிக்கொண்டு வருகிறது. குழாய் நேராகப் போகும்வரை பெரிய சேதம் இல்லை. கிணற்றின் வாயில் அது வளைகிற இடத்தில்தான் வினை. அந்த வளைவை எல்போ என்பார்கள். சாம்பலும் மணலும் திரும்பத் தெரியாமல் வளைவின் வெளிப்பக்கத்தில் போய் மோதும். ராப்பகலாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் இரும்பு என்ன ஆகும்? உள்ளே இளைத்துக்கொண்டே வரும். வெளியே பெயின்ட் புதுசாகவே இருக்கும்.

"இரும்பு இளைக்கும், ஒரு நாளும் சதை போடாது." இதை அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு பைப்பின் தடிமன் போன முறையைவிட இந்த முறை கூடியிருந்தால் பைப் தேறிவிட்டது என்று அர்த்தம் இல்லையாம், அளந்தவன் எங்கோ கோட்டை விட்டிருக்கிறான் என்று அர்த்தமாம். மகள் பிறந்த பிறகு இடுப்பு பெருத்துவிட்டதே என்று கண்ணாடி முன்னால் நான் புலம்பினால், நீ இரும்பாக இருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்பார். கரண்டியை எடுத்து அவர் மேல் வீசியிருக்கிறேன். விலகிக்கொண்டு, விழுந்த கரண்டியை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஆளோடு எந்தச் சண்டையை முழுசாகப் போட முடியும்?

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் நடந்த தப்பு இல்லை அது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் தம்பியும் அங்கேதான் வெல்டர். அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். பொறி என்று கூப்பிடுவார்கள். எங்கள் தெருக்கோடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான், சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். மாமா, மாமா என்று இவரையே சுற்றிவருவான். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, ஆனால் கை சுத்தம். வீட்டில் எது உடைந்தாலும் ஒட்டிக் கொடுப்பான். கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டான், அதன் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டுவான். நாற்காலி, ஏணி, கட்டில் எல்லாவற்றின் மேலும் குதித்திருக்கிறான். "யானை உக்காந்தாலும் தாங்கும்க்கா. நீயும் தைரியமா உக்காரலாம்" என்பான். மாமனுக்கும் மச்சானுக்கும் பேசிச் சிரிக்க என் உடம்புதான் கிடைத்தது.

ஒரு முறை கடைசிக் கிணற்றின் எல்போவை அளந்துவிட்டு, இது இனிமேல் தாங்காது, மாற்ற வேண்டும் என்று இவர் போய்ச் சொன்னார். அங்கே மேலாளருக்கு 'சீக்கிரம் சார்' என்று பெயர். அவருக்கு எல்லாமே சீக்கிரம் நடக்க வேண்டும், கிணற்றை நிறுத்துவதைத் தவிர. எல்போவை மாற்றக் கிணற்றை மூட வேண்டும். மூடினால் கீழே நெருப்பு அடங்கும், நிலத்தடித் தண்ணீர் ஊறி உள்ளே வரும், மறுபடி பற்றவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சீக்கிரம் சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அடுத்த தடவையும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிப்போட்டார். செய்தி பரவியது. கிணறு நின்றால் எல்லாருக்கும் வேலை குறையும் இல்லையா? டீ குடிக்கிற இடத்தில் இவர் போய் உட்கார்ந்தால், கெட்ட செய்தி வந்தாச்சு என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்களாம். கேலியை இவரால் தாங்க முடியாது. சொன்ன சொல்லுக்கு மதிப்பு இருந்தே பழகிய மனிதர். அந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது கேட்டைக்கூடத் தட்டாமல் உள்ளே வருவார். என்ன ஆச்சு என்று கேட்டால், ஒன்றுமில்லை, தலைவலி என்பார்.

அடுத்த தடவை அளக்கும்போது மீட்டர் கூடுதலாகக் காட்டியது. போன முறை காட்டியதைவிட அதிகம்.

இரும்பு சதை போட்டிருந்தது. நியாயமாக அவர் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே நின்று, பெட்டியிலிருக்கிற இன்னொரு குமிழைப் போட்டு மறுபடி அளந்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? போன முறை பைப்பின் மேல் துரு படிந்திருந்திருக்கும், அதனால்தான் குறைவாகக் காட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நேராக சீக்கிரம் சாரிடம் போய், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் சார், எல்போ நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஆள் எழுந்து வந்து எல்லார் முன்னாலும் இவர் தோளில் கை போட்டாராம். டீ குடிக்கிற இடத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்களாம். அன்று சாயங்காலம் கேட்டைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார், கையில் ஒரு கேக் பெட்டி. யாருக்குப் பிறந்தநாள் என்று மகள் கேட்டாள். சும்மாதான், சாப்பிடு என்றார். தம்பியும் வந்து இரண்டு துண்டு சாப்பிட்டான்.

அப்புறம் கொஞ்ச நாளில் அதே எல்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாயைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இணைப்பை வெல்டு வைத்தவன் என் தம்பி. அதற்கடுத்த வாரம் ஒரு முற்பகலில் எல்போ கிழிந்தது. வெடித்த சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொடியில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், தெருவே வாசலில் நின்றது. வீட்டில் அங்கே வேலை செய்கிற ஆண்கள் இரண்டு பேர் இருந்தால் எந்தப் பெயரை முதலில் சொல்லி அழுவது என்றுகூடத் தெரியாது. சாயங்காலம் இரண்டு பேரும் முழுசாக வந்தார்கள். பக்கத்தில் நின்ற வால்வுக்காரருக்குத்தான் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சூட்டுச் சாம்பல் அடித்துத் தோல் உரிந்துவிட்டது. முகத்தில் பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார்கள்.

விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிழிந்த அன்று எடுத்த போட்டோவில் கிழிசல் தம்பி வைத்த வெல்டில் போய் முடிந்திருந்தது. பைப் மெலிந்திருந்ததா என்று இவரைக் கேட்டார்கள். "நல்லாத்தான் காட்டுச்சு" என்றார். கவனியுங்கள், நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, நன்றாகக் காட்டியது என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஸ்கேன்காரர் அளந்து சொன்ன பிறகு பைப்பில் குறை இருக்குமா? அப்படியானால் வெல்டுதான் விட்டிருக்கிறது. தம்பியின் வெல்டர் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கார்டு இல்லாமல் அவனை எங்கேயும் வெல்டு வைக்க விட மாட்டார்கள். எல்போ கிழிந்த அன்றைக்கே சீக்கிரம் சார் புது எல்போவைப் போடச் சொல்லி, கிழிந்ததைப் பழைய இரும்புக் குவியலில் எறியச் சொல்லியிருந்தார்.

தம்பி அப்போதெல்லாம் சாப்பிட மட்டும் வருவான். தலையைக் குனிந்தே சாப்பிடுவான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? வாய்ச் சவடாலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை, வேலையில் கவனம் வேண்டாமா, ஒரு மனுஷன் கை வெந்து கிடக்கிறார், உன்னைச் சேர்த்துவிட்டதற்கு மாமா இனி எந்த முகத்தோடு அங்கே நடமாடுவார் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இவர் எதிரே உட்கார்ந்து, பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். "விடும்மா, சின்னப் பையன்" என்றார். அவ்வளவுதான். அப்போது அதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அடுப்படியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வீட்டுப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டுக் களிம்பு. மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து என் தட்டுகளை அளந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பைப்பில் தடவுகிற கண்ட கருமத்தையும் சாப்பிடுகிற தட்டில் தடவுவீர்களா என்று கத்திக்கொண்டே பையைக் கீழே வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த இரும்புச் சட்டி கனமானது. சரியா காட்டுது" என்றார். பிறகு மகள் சாப்பிடுகிற மெல்லிய தட்டை எடுத்தார், ஓரம் நசுங்கிய தட்டு. குமிழை வைத்தார். "இது ஒரு தட்டு. ரெண்டு தட்டு கனம் காட்டுது பாரு."

காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், அதற்கு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றேன். அப்புறம்தான் சொன்னார். ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் எல்லை உண்டாம். இரும்பு அதற்குக் கீழே மெலிந்துவிட்டால், முதலில் திரும்பி வருகிற சத்தம் மீட்டருக்குப் பிடிபடாது. அடுத்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, இருப்பதைப் போல இரண்டு மடங்கு காட்டும். சாகக் கிடக்கிற பைப் பிழைத்து எழுந்த மாதிரி தெரியும். அந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை முதல் நாளே எச்சரிப்பது இதைத்தானாம். இதற்குத்தான் பெட்டியில் இரண்டாவது குமிழ்.

எனக்கு விளங்க ஆரம்பித்தது. கேட்கவே பயமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கிழிஞ்ச மறுநாளே."

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழைய இரும்புக் குவியலுக்குப் போயிருக்கிறார். எல்போவின் கிழிந்த விளிம்பை விரலால் தடவியிருக்கிறார். வளைவின் வெளிப்பக்கம் டப்பா மூடி மாதிரி இருந்ததாம். கிழிசல் அங்கேதான் ஆரம்பித்து, ஓடிவந்து வெல்டில் முடிந்திருக்கிறது. வெல்டு கெட்டியாகவே இருந்ததாம். பார்த்துவிட்டு அந்த எல்போவைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். மெலிந்த பக்கம் மண்ணில் படும்படி. மேலே இன்னொரு இரும்புத் துண்டையும் தூக்கி வைத்திருக்கிறார்.

மற்றக் கிணறுகளில் இருக்கிற எல்போக்கள் என்ன ஆவது, நாளைக்கு இன்னொருத்தர் கை வேகாதா என்று கேட்டேன். அதையெல்லாம் இரண்டாவது குமிழைப் போட்டு அளந்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது என்றார். மற்ற எல்போக்களைப் பற்றி இவ்வளவு அக்கறை. என் தம்பி எதிரே உட்கார்ந்து தலைகுனிந்து சாப்பிட்டபோது எங்கே போயிற்று அந்த அக்கறை? நான் அவனைக் கிழிகிழியென்று கிழித்தபோது, உண்மை தெரிந்த வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாரே! எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தட்டுகளைப் பொறுக்கித் தொட்டியில் போட்டேன். தேய்க்கத் தேய்க்கக் களிம்பு போகவில்லை, கண்ணீர்தான் வந்தது. பின்னால் நின்றுகொண்டு, "நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்றார். மகளுக்கு எதிரே என்னால் தலை தூக்க முடியாதே என்றும் சொன்னார். என் தம்பி மட்டும் தலை தூக்க வேண்டாமா என்று கேட்டேன்.

மறுநாள் போனார். வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டுகிற விதத்திலேயே தெரிந்தது, சொல்லவில்லை என்று. சீக்கிரம் சாரின் அறை வாசல்வரை போனாராம், உள்ளே ஆட்கள் இருந்தார்களாம். உள்ளே ஆட்கள் இல்லாமல் அந்த அறை என்றைக்கு இருந்தது? நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி வந்துவிட்டான். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தான், சட்டை மாற்றியிருந்தான். தட்டு போட்டு உட்கார வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இவரைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, இன்னிக்கு சீக்கிரம் சார் கூப்பிட்டிருந்தாரு. என் வெல்டுதான் விட்டுப்போச்சுன்னு ஒத்துக்கிட்டா உதவியாளா திரும்ப எடுத்துக்கறேன்னாரு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

இவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"எனக்கும் யோசிச்சு யோசிச்சு சந்தேகமாத்தான் இருக்கு மாமா. அன்னிக்கு வெயில் ஜாஸ்தி. கை நடுங்கியிருக்குமோ என்னமோ. நீங்க சிபாரிசு பண்ணிச் சேத்துவிட்டீங்க, உங்க பேரைக் கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் என்று இருந்தது. யானை உட்கார்ந்தாலும் தாங்கும் என்று சொல்கிற பையன். தன் கையைப் பார்த்து அவனே சந்தேகப்படுகிறான், அதற்கு மன்னிப்பும் கேட்கிறான், அதுவும் யாரிடம்! நான் இவரையே பார்த்தேன். இப்போதும் இந்த மனிதர் வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"உன் கை நடுங்கல மாப்ளே. உன் வெல்டு நல்லா இருக்கு. எல்போ மெலிஞ்சு போயிருந்துச்சு. மீட்டர் ரெட்டையா காட்டுச்சு, நான் நம்பிட்டேன். நம்பணும்னு ஆசைப்பட்டேன்."

எப்போது தெரியும் என்று தம்பியும் என்னைப் போலவே கேட்டான். இவர் அதையும் சொன்னார், எல்போவைக் கவிழ்த்துப் போட்டதையும் சொன்னார். குனிந்த தலை நிமிராமல், எதையும் விடாமல் சொன்னார். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"நேத்துதான்டா."

நம்பினானோ என்னமோ. எழுந்து கை கழுவினான், துண்டில் துடைத்து, துண்டை ஒழுங்காகக் கொடியில் போட்டான், போய்விட்டான். கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தட்டில் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் நடந்ததை வால்வுக்காரர்தான் பிறகு என்னிடம் சொன்னார். வேலை ஆரம்பிக்கும் முன் தினமும் எல்லாரையும் கேட்டருகே வட்டமாக நிற்க வைத்து, இன்றைக்கு எங்கே என்ன ஆபத்து, எதில் கவனம் வேண்டும் என்று பேசுவது அங்கே வழக்கம். இவர் அந்த எல்போவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வட்டத்தின் நடுவே நிறுத்தினாராம். அப்புறம் பேசிக்கொள்ளலாம், அறைக்கு வாங்க என்று சீக்கிரம் சார் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் கேட்கவில்லை. மெலிந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இரும்பு சதை போட்டதாக நம்பினேன், வெல்டர் மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்தேன், இதை ஒளித்தும் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். வால்வுக்காரர் அன்றுதான் கட்டோடு முதன்முதலாக வேலைக்கு வந்திருந்தார். கட்டுக்குள் அரித்ததால் கையைத் தூக்கிச் சொறிந்திருக்கிறார், வேறொன்றுமில்லை. இவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். அதற்குமேல் பேச வரவில்லையாம்.

"நாங்க நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா அவருக்கு லேசா இருந்திருக்கும்" என்றார் வால்வுக்காரர். இவ்வளவு சொன்ன மனிதரும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

மீட்டரை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிறார். ஸ்கேன்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை, வேறு பெயரும் வைக்கவில்லை. சீக்கிரம் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்னைவிடச் சீக்கிரமாக இருக்கிறாராம். தம்பிக்கு வெல்டர் கார்டு திரும்பக் கிடைத்தது, போட்ட கையெழுத்தையும் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். ஆனால் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். மகளிடம் ஏதாவது கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வான், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பான். சொந்தத் தம்பி கழுவிக் கொடுக்கிற பாத்திரத்தை வாங்குவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? இவரோ பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்கிறார், தட்டுவதில்லை.

போன மாதம் பின்பக்கம் கிடக்கிற இரும்பு பெஞ்சின் கால் உடைந்தது. கடைத்தெருவில் கொடுத்து ஒட்டியிருக்கலாம்தான். நான் வேண்டுமென்றே தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். வா என்றேன், வந்தான். இவர் உள்ளேயிருந்து வந்து பின்வாசல் படியில் நின்றார், கீழே இறங்கவில்லை. தம்பி பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டினான். ஆறியதும் சுத்தியலால் தட்டினான், குனிந்து பார்த்தான், மறுபடி அதன் மேலேயே இன்னொரு முறை வெல்டு வைத்தான். அப்புறமும் பார்த்தான், தேய்த்தான், மூன்றாவது தடவையும் வைத்தான். சாதாரண பெஞ்சுக் கால் அது. முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஒட்டிவிட்டுப் போவான்.

பெஞ்சை நிமிர்த்தி வைத்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன், இப்போது ஏறுவான், குதிப்பான், என் உடம்பைக் கேலி செய்வான் என்று. அவன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"வேற யாரையாவது வெச்சு ஒரு தடவை பாத்துக்கோக்கா. அதுக்கப்புறம் உக்காரு" என்றான்.

இவர் படியிறங்கி வந்தார். செருப்பைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பெஞ்சின் மேல் ஏறி நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்பதற்குள் குதித்தார். கல்யாணத்தில் போட்டோ எடுக்கக்கூட வேகமாக நடக்காத மனிதர். தொப்பை ஆட, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி மறுபடி குதித்தார். முகமெல்லாம் கோணிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"தாங்குது மாப்ளே. பாரு, தாங்குது."

தம்பி சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சின் காலையே பார்த்தான், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"போதும், இறங்குங்க மாமா" என்றான்.

அவர் இறங்கவில்லை.